வட்டக்களரிக்குள் ஒரு வாக்குவாதம்

வாவிக்கரைக் கலைகள் – 9

சென்ற வாரம் 1956இல் நிறுத்தினோம். தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே ஆண்டில்தான் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாட்டார் நாடகத்திலிருந்து புதிய அரங்கொன்று பிறந்ததைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தனின் கண் மட்டக்களப்புக் கூத்தின்மேல் விழுந்தது. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் 1962இல் ‘கர்ணன் போர்’ ஆடினார்கள், பிறகு ‘இராவணேசன்’. அதில் இராவணனாக ஆடியவர் அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு.

அந்த முயற்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். படிக்காதவன் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட கூத்துக்குப் படித்தவர் சபையில் இடம் கிடைத்தது. 1969இல் மௌனகுருவின் ‘சங்காரம்’ இன்னும் ஒருபடி மேலே போயிற்று. அரக்கரும் அரசரும் மோதும் வடமோடிக் கூத்து ஆட்டத்திலேயே சாதியையும் வர்க்கத்தையும் அரக்கர்களாக்கி, அவற்றோடு சமுதாயத்தைப் பொருதவிட்டார். வடக்கில் தீண்டாமைக்கு எதிரான போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் ஒன்றை இழந்தோம். ஊரில் கூத்தாடுவது வட்டக்களரியில். நாலு புறமும் சனம். ஆட்டக்காரர் எந்தப் பக்கத்துக்கும் முதுகு காட்டிக்கொண்டே நிற்க முடியாது. சுழன்று சுழன்று ஆடி, எல்லாப் பக்கத்துக்கும் பாட வேண்டும். விடிய விடிய ஆட்டம். படச்சட்ட மேடையிலோ பார்வையாளர் ஒரு பக்கம் மட்டும்தான். நேரமும் ஒன்றிரண்டு மணியாகச் சுருங்கிவிட்டது. அதைவிடப் பெரிய இழப்பு, களரிக்கு முந்திய மாதங்கள். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆட்டக்காரருக்கு அவரவர் பாட்டுப் பிரதியான ‘சட்டம்’ கொடுத்த நாள் தொடங்கி, சதங்கை அணிந்து, அரங்கேற்றம்வரை ஊரே கூடிக் கூத்துப் பழகும். யாருக்கு எந்த வேசம் என்பதில் சண்டை வரும், சமாதானம் வரும். ஊர் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்ளும் இடம் அது.

அந்த இடத்துக்குள்ளேயே மாற்றத்தைக் கொண்டுபோக முனைந்தவர் ஆய்வாளர் சி. ஜெயசங்கர். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், மட்டக்களப்பு நகரை ஒட்டிய சீலாமுனையில் ஊர்க் கூத்தர்களோடு ‘கூத்து மீளுருவாக்கம்’ நடந்தது. பாரதக் கதையில் பெண்ணைப் பொருளாகப் பேசும் வரிகளை இன்னமும் பாடத்தான் வேண்டுமா? ஒருவரைச் சாதி சொல்லி இழித்தால் சபை சிரிக்க வேண்டுமா? இவற்றை ஆய்வாளர் தனியே உட்கார்ந்து திருத்தி எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணாவியாரும் ஆட்டக்காரரும் ஊராரும் பேசித் தீர்த்தார்கள். மரபைத் தொடாதே என்பவர்களும் அந்தப் பேச்சில் இருக்கத்தானே வேண்டும்! அவர்களை விலக்கிவிட்டுச் செய்யும் சீர்திருத்தம் ஊரில் வேர்பிடிக்காது.

என் மனம் இந்த இரண்டாவது வழியின் பக்கம்தான். ‘சங்காரம்’ பார்த்தவர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தன் வாயால் காலமெல்லாம் பாடிய வரியை மாற்றிப் பாட ஒப்புக்கொண்டவருக்கு அது முடியாது. மறுநாளும் அதே ஊரில், மாற்றத்தை ஏற்காத அண்ணன் தம்பியோடுதான் அவர் வாழ வேண்டும்.

பெண்களைப் பற்றிய வரியை மாற்றுவதைவிடக் கடினமான கேள்வி, கூத்துக்குள்ளேயே நிலவும் சாதி. பறைமேளக் கூத்தை முன்வைத்து அதை அடுத்த வாரம் பார்ப்போம்.