உறங்கும் வைரசும் மறையும் மருந்தெதிர்ப்பும்

நுவரெலியா, ஹற்றன் மலைகளிற் கவ்வாத்து வெட்டப்பட்ட தேயிலையை முதன்முறை காண்பவர், செடிகள் பட்டுவிட்டன என்றே எண்ணுவர். ஆயின், வேரிற் சேமிக்கப்பட்ட மாப்பொருளின் துணையால் அவை மீண்டும் தளிர்க்கின்றன. எச்.ஐ.வி. வைரசின் இயல்பும் இத்தகையதே.

மருந்துகளை ஒழுங்காக உட்கொள்பவரின் குருதியில் வைரசின் அளவு மில்லிலீற்றருக்கு 50 பிரதிகளுக்கும் கீழே தாழ்ந்துவிடும். மருந்தை நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களில் அது மீளப் பெருகும். இவ்வைரசு எங்கே ஒளிந்திருந்தது? 1997இல் றொபேட் சிலிசியானோ முதலியோரின் ஆய்வுகள் இதற்கு விடை கண்டன. சீ.டி.4 வகை வெண்குழியங்களுட் சில, நீண்டகாலம் ஓய்ந்திருக்கும் நினைவுக் கலங்களாகும். அவற்றின் டி.என்.ஏ.யில் வைரசு தன்னைப் பதித்து உறங்குகின்றது. பெருகாத வைரசை மருந்து தீண்டுவதில்லை. இக்களஞ்சியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 44 மாதங்கள் செல்லும்.

இக்களஞ்சியத்திலே மருந்தெதிர்ப்பும் பதிவாகின்றது என்பது ஊன்றி நோக்கற்பாலது. மருந்தை இடையிடையே தவறவிடும்போது, அதனை எதிர்க்கும் விகாரங்கள் தெரிந்தெடுக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, லமிவுடீனை எதிர்க்கும் விகாரம் அம்மருந்து நிறுத்தப்பட்டபின் குருதியில் அருகிவிடும். வலிமைமிக்க இயல்பு வைரசே அங்கு மேலோங்கும். வைரசுத் தொகையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டிற்குக் குறைவான விகாரங்களை வழமையான பரிசோதனை காட்டத் தவறலாம். அதே மருந்தை மீண்டும் வழங்கின், மறைந்திருந்த விகாரம் தலைதூக்கும்.

கலங்களின் டி.என்.ஏ.யையே ஆராய்தல் மற்றொரு வழியாகும். எனினும், அங்கு பதிந்துள்ள வைரசுகளுட் பெரும்பாலானவை பெருகும் ஆற்றலற்ற குறைப்பிரதிகள். ஆதலின், செயலற்ற பிரதியின் விகாரத்தையும் மெய்யான ஆபத்தென மயங்க இடமுண்டு.

ஆகவே, ஒருநாட் குருதி கூறுவது ஒருநாட் செய்தியே. எம்மருந்தை, எப்போது, எத்துணை ஒழுங்காக உட்கொண்டார் என்ற வரலாறும் அதனோடு சேர்த்து நோக்கப்பட வேண்டும். இலங்கையில் இம்மருந்துகள் அரசினால் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆயினும், கிளினிக்குக்குச் செல்லும் தோட்டத் தொழிலாளி அன்றைய நாட்சம்பளத்தை இழக்க நேரிடின், அல்லது லயத்து அயலவர் அறிவர் என அஞ்சி மருந்தை ஒளிக்க நேரிடின், இலவச மருந்தும் தவறவே செய்யும். அத்தவறு அவருடைய கலங்களிற் பல்லாண்டுகள் பதிந்திருக்கும். எனவே, சம்பள இழப்பின்றிச் சிகிச்சை பெறும் உரிமையும், இரகசியம் காக்கும் மருத்துவப் பதிவும் மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் விஞ்ஞான வழிகளுள் அடங்குவனவேயாகும்.