கேட்பது குற்றமன்று

மகனுக்குக் கப்பல் வேலை கிடைத்துவிட்டதென மகிழ்ந்து, ஆசீர் வேண்டித் தாயொருவர் வந்தார். எந்தக் கப்பல் என்று வினவினேன். "கேட்டால் வேலை தரமாட்டார்களே, சாமி!" என்றான் மகன். முகவர் கேட்ட பணத்திற்காகத் தாயின் சங்கிலி அடகுக்குப் போகவிருந்தது.

வானதூதரிடம் நம் தேவதாயே விளக்கம் கேட்ட பின்னரன்றோ இசைவளித்தார்!

தூத்துக்குடி இளைஞர்களே, நேர்முகத் தேர்வில் கைகட்டி விடை கூறுவது மட்டும் போதாது. முகவருக்கு மத்திய அரசு வழங்கிய உரிமத்தின் எண்ணை முதற்கண் கேளுங்கள். எந்நாட்டுக் கொடி, எத்தனை மாதம், ஊர் திரும்பும் செலவு யாருடையது என்பனவும் கேட்கத்தக்கவையே. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, பிறரிடம் ஆலோசித்த பின்னரே கையொப்பமிடும் உரிமையை 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அளிக்கிறது. இந்தியா அதை 2015இல் ஏற்றது. வேலை தேடித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் பெறுவதையும் அது தடை செய்கிறது.

எண்ணைச் சரிபார்க்கும்வரை சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டுமென்று அத்தாயிடம் சொல்லியனுப்பினேன்.