பழி யார் தலையில்?

எங்கள் விடுதிக்கு ஒரு கால்பந்துக் குழு உண்டு. அதைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆயினும் இக்கட்டுரை அந்தக் குழுவிலேதான் பிறந்தது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொல்கத்தாவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவனை இரண்டு பொருள்கள் பிடித்துக்கொள்ளும். ஒன்று ஆற்று மீன், மற்றொன்று கால்பந்து. முன்னதிலிருந்து சைவர்களாவது தப்பிவிடுகிறார்கள். பின்னதிலிருந்து தப்பியவரை நான் கண்டதில்லை. எங்கள் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஆராய்ச்சி மாணவர் ஒருவர். இராமநாதபுரத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணன். விடுதிகளுக்கிடையே நடந்த பந்தயத்தில் நாங்கள் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றோம். நான்காவது தோல்வியன்று இரவு கூடிப் பேசினோம். ‘அண்ணனுக்கு ஆராய்ச்சி வேலை அதிகம், நாம் தொந்தரவு கொடுக்கலாகாது’ என்று முடிவாயிற்று. முடிவைக் கொண்டுபோய் அவரிடம் சொன்ன வாய் என்னுடையது. அவர் ஒன்றும் பேசவில்லை. ஊதலைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

ஐந்தாவது ஆட்டத்தில் வென்றோம். ஆறாவதிலும் வென்றோம். ‘பார்த்தீர்களா!’ என்று மார்தட்டியவர்களில் நானே முதல்வன்.

நிற்க. புள்ளியியல் படிக்கிறவன் நான். வகுப்பில் ஒரு நாள் பேராசிரியர் ஒரு சாதாரணச் செய்தியை விளக்கினார். அளவுக்கு மீறித் தாழ்ந்த எண்ணுக்குப் பின் வரும் எண் பெரும்பாலும் சற்று உயர்ந்தே இருக்கும். அதை உயர்த்த யாரும் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் குழந்தையை மந்திரிக்கத் தூக்கிப்போகிறோம். மறுநாள் சூடு தணிகிறது. புகழ் வேப்பிலைக்குப் போகிறது. பயிற்சியாளரை விலக்குவதும் குழு அதலபாதாளத்தில் கிடக்கும் நாளில்தான். அங்கிருந்து போகும் வழிகளில் பெரும்பாலானவை மேல்நோக்கியே அல்லவா இருக்கும்?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1986 முதல் 2004 வரை நெதர்லாந்தின் முதல்நிலைக் குழுக்கள் ஆடிய ஆட்டங்களைப் பாஸ் டெர் வீல் என்ற பொருளியல் அறிஞர் ஆராய்ந்தார். சரிவின்போது பயிற்சியாளரை விலக்கிய குழுக்கள் ஒரு பக்கம்; அதே அளவு சரிந்தும் அவரை வைத்துக்கொண்டிருந்த குழுக்கள் மற்றொரு பக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் மீண்டன. அன்று மாலையே எங்கள் பந்தய அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். முதல் நான்கு ஆட்டங்களும் வலிய குழுக்களோடு நடந்தவை. ஐந்தும் ஆறும் பட்டியலின் கடைசி இரண்டு விடுதிகளோடு!

இந்தக் கண்ணோடு நம் நாட்டுக் குழுவின் கதையைப் படித்துப் பார்த்தால், எத்தனையோ வாக்குவாதங்கள் வேறு உருவம் கொள்கின்றன.

2023ஆம் ஆண்டில் இந்தியா மூன்று கோப்பைகளை வென்றது. இம்பாலில் முத்தரப்புப் போட்டி, புவனேசுவரத்தில் கண்டங்களுக்கிடையிலான கோப்பை, பெங்களூரில் தெற்காசியக் கோப்பை. அவ்வாண்டு ஜூலையில் உலகத் தரவரிசையில் 99ஆம் இடம். பயிற்சியாளர் குரோஷியாவின் இகோர் ஸ்டிமாட்ச். 2019 முதல் பொறுப்பில் இருந்தவர். அப்போது அவரை மேதை என்றார்கள். 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை நடந்தது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூட அடிக்காமல் ஊர் திரும்பினோம். மார்ச்சில் கௌகாத்தியில், முதலில் கோல் அடித்து முன்னிலை பெற்றும், ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றோம். ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியதும் ஸ்டிமாட்ச் நீக்கப்பட்டார். மேதை ஆறே மாதத்தில் மூடராகிவிட்டாரா?

மூன்று கோப்பைகளும் சொந்த மண்ணில் கிடைத்தவை. எதிர்த்தவர்களில் மங்கோலியா, வனுவாட்டு, நேபாளம் போன்ற குழுக்களும் இருந்தன. வலியவர்கள் என்றால் லெபனானையும் குவைத்தையும் சொல்லலாம். ஆஸ்திரேலியாவையும் உஸ்பெகிஸ்தானையும் அவர்களோடு ஒரே தராசில் நிறுத்த முடியுமா? போதாக்குறைக்கு, உள்நாட்டு லீக் டிசம்பர் கடைசி வரை நடந்தபடியால், ஆசியக் கோப்பைக்குக் கூடிப் பயிற்சி செய்யக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு வாரமே. எனவே சரிவு என்று நாம் அழைத்ததில் ஒரு பகுதி, முந்திய ஆண்டின் உயரத்தை நாம் தவறாக அளந்ததன் விளைவு. கௌகாத்தித் தோல்வியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அங்கே எதிரியும் வலியவரல்லர், மண்ணும் நம்முடையது.

அடுத்து மனோலோ மார்க்கெஸ் வந்தார். ஸ்பெயின் நாட்டவர், கோவா குழுவின் பயிற்சியையும் அதே வேளையில் கவனித்தவர். இரண்டு குதிரைகளில் ஒருவரை ஏற்றியது யார் என்று கேட்டால், அது பயிற்சியாளர் குற்றமும் அன்று, ஆட்டக்காரர் குற்றமும் அன்று. எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி. 2024ஆம் ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டால், இரு பயிற்சியாளர்களின் கீழும் 11 ஆட்டங்கள், வெற்றி ஒன்றுமில்லை, அடித்த கோல் நான்கு. ஆள் மாறினார், வறட்சி மாறவில்லை. 2025 ஜூலையில் அவரும் விலகினார். தரவரிசை 133க்கு இறங்கியிருந்தது. ஆகஸ்டில் காலித் ஜமீல் பொறுப்பேற்றார். முதல் ஆட்டத்திலேயே தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணில் வென்றோம். அந்தப் போட்டியில் ஓமானைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடமும் பெற்றோம். ‘இவரல்லவோ பயிற்சியாளர்!’ என்று எங்கள் விடுதியில் இனிப்பு வழங்கினார்கள். நானும் ஒரு ரசகுல்லா தின்றேன். அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கே தகுதி இழந்தோம். வேப்பிலையின் வேலை அவ்வளவுதான்.

அப்படியானால் குற்றம் ஆட்டக்காரருடையதா? இங்கே ஒரு புள்ளிவிவரத்தை நண்பர்கள் முன் வைக்கிறேன். 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகில் 2025 வரை 11 பருவங்கள் நடந்தன. மிகுதியான கோல் அடித்தவருக்குரிய பரிசு இந்தப் பதினொன்றில் ஒருமுறைகூட இந்தியருக்குக் கிட்டவில்லை. காரணம் எளிது. கோல் அடிப்பவனுக்குத்தான் விலை அதிகம். விலை கொடுக்கும் குழு அந்த இடத்துக்கு வெளிநாட்டவரை வாங்குகிறது. நம் இளைஞன் பக்கவாட்டில் ஓடுகிறான், அல்லது பெஞ்சில் உட்காருகிறான். ஆண்டு முழுவதும் நடுவில் நின்று பந்தை வலைக்குள் தள்ளிப் பழகாதவனை, நாட்டுக்காக ஒரு மாலை நடுவில் நிறுத்தி ‘தள்ளு’ என்றால் அவன் என்ன செய்வான்?

2024 ஜூன் 6 அன்று சால்ட் லேக் மைதானத்தில் நானும் இருந்தேன். சுனில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டம். குவைத்தோடு கோலின்றி முடிந்தது. 94 சர்வதேச கோல்கள் அடித்த மனிதர் கண்ணீரோடு சுற்றி வந்தபோது பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் குடையை மடக்கியபடி, ‘இனி யார்?’ என்று வங்காளத்தில் கேட்டார். ஒன்பது மாதங்களில் விடை கிடைத்தது: சேத்ரியேதான்! 2025 மார்ச்சில், 40 வயதில், ஓய்வை முறித்துக்கொண்டு ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக ஆடினார், கோலும் அடித்தார். மார்க்கெஸ் பெற்ற அந்த ஒரே வெற்றி அதுதான். நாற்பது வயதுக்காரரைத் திரும்ப அழைக்கும் நிலைக்கு ஒரு நாடு வந்ததென்றால், களத்தில் நிற்கும் பதினொருவரையும் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவரையும் மட்டும் விசாரித்துப் பயனில்லை என்பது என் துணிபு.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. தேநீர்க் கடையில் முதியவர்கள் எழுப்பும் வாதம் அது, வலுவான வாதம். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். பின்னணி ஆட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டிருந்தது. ரஹீம் அவரை உட்காரவைக்கவில்லை; சென்டர் பார்வர்டாக முன்னே நிறுத்தினார்! அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார். இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வென்றபோது ஒரு கோல் பி. கே. பானர்ஜியுடையது, மற்றொன்று ஜர்னைலுடையது. ஆள் இல்லாத இடத்தில் ஆளை உண்டாக்குபவர்தாமே பயிற்சியாளர்? ரஹீம் செய்ததை இவர்கள் ஏன் செய்யவில்லை?

கேள்வி நியாயமானது; முழுதும் மறுக்க என்னால் முடியாது. பின்வந்தவர்கள் யாரும் அவ்வளவு துணியவில்லை. ஆனால் ரஹீம் பெற்றிருந்த செல்வத்தையும் எண்ண வேண்டும். சுனி கோஸ்வாமி, பானர்ஜி, பலராம் என்ற மூவரும் முன்வரிசையில். கோலில் பீட்டர் தங்கராஜ். 1963இல் ரஹீம் மறைந்தார். மறுநாளே இந்தியக் கால்பந்து செத்துவிட்டதாகப் பேசுவோர் உண்டு. அது சரியன்று. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றோம். 1970இல் பாங்காக்கில் வெண்கலம் வென்றோம். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் வயதாகி ஓய்ந்த பிறகே பெரும் சரிவு தெரிந்தது. நல்ல பயிற்சியாளர் இருக்கும் சோற்றைச் சுவையாகப் பரிமாறுவார். நெல் விளைவிப்பது வேறு வேலை.

ஆகவே இப்போது யாராவது ‘யார் குற்றம்?’ என்று கேட்டால், பயிற்சியாளரின் கையில் இருந்தது என்ன என்று முதலில் கேட்கிறேன். யாரை எங்கே நிறுத்துவது, எப்போது மாற்றுவது, முன்னிலை பெற்றபின் எப்படிக் காப்பது. இவை அவர் கணக்கு. கௌகாத்தியில் கைவிட்ட முன்னிலைக்கு அவரும் களத்தில் நின்றவர்களும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும். பயிற்சிக்குக் கொடுத்த நாட்களும், லீகில் இந்தியன் நிற்கும் இடமும் அவர்கள் கணக்கில் வாரா.

எங்கள் அண்ணன் கணக்கு மீதி இருந்தது. அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அறைக்குப் போனேன். அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். வலிய குழு, எளிய குழு, சராசரி என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இதை எனக்கு ஏன் சொல்றே? அன்னிக்கு ராத்திரி கூடினவங்ககிட்டச் சொல்லு” என்றார். சொன்னேன். சிலர் ஒப்பினார்கள், சிலர் என்னைக் கட்சி மாறியவன் என்றார்கள். ஊதலை மட்டும் அவரிடமே திருப்பிக் கொடுத்தோம்.

இவ்வாண்டுப் பந்தயத்தின் முதல் ஆட்டம் சென்ற வாரம் நடந்தது. பயிற்சி, அண்ணன். முடிவு 0-3. அடுத்த ஆட்டம் வரும் சனிக்கிழமை.