மணலுக்குள் எரியும் நெருப்பு

செம்பனை ஆலைக்கு அருகே குடியிருப்போருக்குக் கரும்புகையைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் வெளுத்துக் கொடியில் உலர்த்திய பள்ளிச் சட்டையில் மாலைக்குள் கரித்துகள் படிந்திருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அப்புகை ஏன் எழுகிறது?

ஆலையின் கொதிகலனில் எரிபவை, பழத்தைப் பிழிந்தபின் எஞ்சும் நாரும் கொட்டை ஓடுமே. 100 கிலோ பழக்குலையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோ நாரும் 6 கிலோ ஓடும் கிடைக்கின்றன. அவற்றின் வெப்பத்தால் உண்டாகும் நீராவி பழக்குலைகளை அவிக்கிறது, மின்னாக்கியையும் சுழற்றுகிறது. கழிவே எரிபொருளாகிறது, நல்ல ஏற்பாடுதான். குறை அடுப்பில் இருக்கிறது. இரும்புச் சட்டங்களின்மீது குவிந்து எரியும்போது எல்லாப் பகுதிக்கும் காற்று சீராகச் செல்வதில்லை. நார் ஈரமாக இருந்தாலோ, ஒரேயடியாக அள்ளிக் கொட்டப்பட்டாலோ, முழுதும் எரியாத கரி புகையோடு வெளியேறுகிறது. ஈர விறகை ஊதிய நம் பாட்டிமாரின் கண்கள் கலங்கியதும் இதனாலேயே.

இக்குறையைப் போக்க அறிஞர்கள் கண்ட வழி விந்தையானது. அடுப்பினுள் மணலை நிரப்பி, அடியிலிருந்து காற்றை வேகமாகச் செலுத்துகிறார்கள். மணல் கொதிக்கும் கஞ்சியைப் போலக் குமிழியிட்டுப் புரள்கிறது. இதற்குப் பாய்மப் படுகை என்று பெயர். மணலின் வெப்பம் ஏறத்தாழ 850 டிகிரி செல்சியஸ். அதில் விழும் ஈரமான மரத்துண்டைச் சுடுமணல் நாற்புறமும் சூழ்ந்து, உலர்த்தி, எரித்துவிடுகிறது. மணலே வெப்பத்தைத் தாங்கி நிற்பதால் நிலக்கரி, மரத்துண்டு, கொட்டை ஓடு ஆகியவற்றை ஒரே அடுப்பில் எரிக்கலாம். காற்றின் வேகத்தை மேலும் கூட்டினால் மணலும் எரியாத துகளும் மேலே பறக்கும். அவற்றைச் சுழற்கலன் பிடித்து மீண்டும் அடுப்புக்கே அனுப்பும். சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்த்தால், நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து வெளிவரும் வாயுவை அது பற்றிக்கொள்ளும். வெப்பம் மிகாததால் நைட்ரஜன் நச்சு வாயுக்களும் குறைகின்றன.

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தெம்புசு நிலையம் இம்முறையில் நிலக்கரியோடு செம்பனைக் கொட்டை ஓட்டையும் மரத்துண்டுகளையும் எரிப்பதற்கென அமைக்கப்பட்டது. நாம் காலால் மிதித்துச் செல்லும் ஓட்டுக்கு இப்படியும் ஒரு மதிப்பு! தமிழகத்தின் நெய்வேலியிலும் ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரிக்காக 250 மெகாவாட் அலகுகள் இரண்டு இம்முறையில் அமைந்துள்ளன.

ஆயினும் எதைப் போட்டாலும் எரியும் என்று எண்ணிவிடலாகாது. பழம் உதிர்ந்த வெற்றுக் குலையில் பாதிக்கு மேல் நீர், பொட்டாசியமும் மிகுதி. பயிருக்கு உரமாகும் அதே பொட்டாசியம், அடுப்பில் உருகி மணலைப் பாகுபோல் ஒட்டவைக்கும். படுகை கட்டிதட்டிவிட்டால் அடுப்பை அணைத்து, ஆறவைத்து, மணலைத் தோண்டி எடுக்க வேண்டியதே. காற்றைச் செலுத்தும் பெரிய விசிறிகளும் மின்சாரத்தைத் தின்னும். நிலக்கரியை எரித்தால் வெளிவரும் கரியமில வாயுவை மணல் ஒன்றும் செய்வதில்லை.

ஆகவே சிறிய ஆலைகளுக்கு இது எளிதில் கட்டுப்படியாவதில்லை. அங்கெல்லாம் கொதிகலன் தொழிலாளியின் கண்ணும் ஒரு கருவி. புகைபோக்கியின் நுனியை அண்ணாந்து பார்த்து, புகை கறுத்தால் அவர் நாரைக் குறைத்துக் காற்றைக் கூட்டுகிறார்.