அணிலுக்கு என்ன போடலாம்?

அரிசி புடைத்தால் குருணை சிந்தும். கடலை உடைத்தால் பருப்பு தெறிக்கும். சிந்தியதைப் பொறுக்க முதலில் காக்கை வரும். அடுத்து அணில் வரும். சுற்றும் முற்றும் பார்க்கும். பின்னங்காலில் உட்காரும். முன்னங்கால் இரண்டையும் கைபோல் வைத்துக்கொண்டு கொறிக்கும்.

பார்க்க ஆசையாக இருக்கும். இன்னும் கொஞ்சம் போடலாமே என்று தோன்றும். போடலாம், தவறில்லை. ஆனால் எதைப் போடுவது? எவ்வளவு போடுவது? எங்கே போடுவது? இது தெரியாமல் போட்டால் அணிலுக்கும் கெடுதல். வீட்டில் உள்ளவர்களுக்கும் கெடுதல்.

நம் நாட்டு அணில்

இந்தியாவில் பல வகை அணில்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பெரிய மலை அணில் வாழ்கிறது. மராத்தியில் அதற்கு ‘சேக்ரு’ என்று பெயர். மகாராஷ்டிர மாநிலத்தின் விலங்கு அதுதான். அது மரத்துக்கு மரம் தாவி வாழும்.

நம் கொல்லைக்கு வருவது சிறிய அணில். தென்னிந்திய அணிலுக்கு முதுகில் மூன்று கோடுகள். வட இந்திய அணிலுக்கு ஐந்து கோடுகள். இந்தியில் அணிலைக் ‘கிலஹரி’ என்பார்கள். எடை ஏறக்குறைய 100 கிராம். அதாவது இரண்டு கோழி முட்டையின் எடைதான்.

ராமர் தடவிக் கொடுத்ததால் அணிலுக்குக் கோடு வந்தது என்று ஒரு கதை உண்டு. பல மாநிலங்களில் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அதனால் பலர் அணிலை அடிப்பதில்லை.

அணிலால் நன்மை என்ன?

அணில் பழம், விதை, மொட்டு, மரப்பட்டை எல்லாம் தின்னும். பூச்சியையும் பிடித்துத் தின்னும். பூவில் உள்ள தேனையும் குடிக்கும். அப்போது மகரந்தப் பொடி அதன் முகத்தில் ஒட்டும். அடுத்த பூவுக்குப் போகும்போது அந்தப் பொடி அங்கே சேரும். பூ காயாக மாற இது உதவுகிறது.

பூனையோ பாம்போ பக்கத்தில் வந்தால் அணில் சும்மா இருக்காது. வாலை உதறி உதறி விடாமல் கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் நாமும் கவனமாகப் பார்த்து நடக்கலாம்.

எதைப் போடலாம்?

தோலோடு உள்ள வேர்க்கடலை நல்லது. தேங்காய்த் துண்டு போடலாம். கம்பு, சோளம், அரிசி போடலாம். கொய்யா, பப்பாளி, வாழைப்பழத் துண்டும் போடலாம்.

தோலோடு ஏன்? அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். கடினமான பொருளைக் கொறித்தால்தான் பல் தேயும். தேயாவிட்டால் பல் நீண்டு வாயை மூட முடியாது. தின்னவும் முடியாது.

எதைப் போடக்கூடாது?

• முறுக்கு, மிக்சர், ஊறுகாய் வேண்டாம். உப்பும் எண்ணெயும் அந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது.
• பிஸ்கட், மிட்டாய் வேண்டாம்.
• பூசணம் பிடித்த கடலை வேண்டாம். அந்தப் பூசணத்தில் நஞ்சு உண்டாகும். அது அணிலுக்கும் ஆகாது. கோழிக்கும் ஆகாது. மனிதருக்கும் ஆகாது.
• விதைப்பதற்காக மருந்து கலந்த விதை வேண்டவே வேண்டாம். கலர் பூசிய விதை மீந்து போனால் கொல்லையில் கொட்டாதீர்கள்.

எலி வரும், பாம்பும் வரும்

இதுதான் முக்கியமான செய்தி. அணில் பகலில் மட்டும் நடமாடும். இருட்டியதும் கூட்டுக்குப் போய்விடும். அது தின்னாமல் விட்ட தானியம் தரையில் கிடக்கும். அதைத் தின்ன இரவில் எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம்.

எலியைத் தேடிப் பாம்பு வரும். இந்தியாவில் பாம்புக்கடி பற்றிய ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக அது கணக்கிட்டது. இதில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

ஆகவே அணிலுக்குப் போடுவதில் ஒழுங்கு வேண்டும்.

• காலையில் மட்டும் போடுங்கள்.
• ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.
• தரையில் இறைக்காதீர்கள். மரத்தை ஒட்டி, உயரமான இடத்தில் ஒரு தட்டில் வையுங்கள். பூனை வந்தால் அணில் மரத்தில் ஏறித் தப்பிக்கும்.
• பொழுது சாய்வதற்குள் மிச்சத்தை அள்ளிவிடுங்கள். தோலையும் பெருக்கிவிடுங்கள்.
• தினமும் போட வேண்டும் என்பதில்லை. அணிலுக்குத் தானே இரை தேடத் தெரியும்.

எலிக்கு விஷம் வைக்கிற கொல்லையில் அணிலுக்குத் தீனி வைக்காதீர்கள். விஷத்துக்கு எலி எது, அணில் எது என்று தெரியாது.

தீனியைவிடத் தண்ணீர் முக்கியம்

கோடையில் குளம் குட்டை வற்றிவிடும். அப்போது ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைத்தால் பெரிய உதவி. சட்டி ஆழமில்லாமல் இருக்கட்டும். நடுவில் ஒரு கல் போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். வாரம் ஒரு முறையாவது சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் டெங்குக் கொசு முட்டையிடும்.

தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். மூட முடியாவிட்டால் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். தவறி விழுந்த அணில் அதைப் பிடித்து ஏறிவிடும்.

கையால் ஊட்டலாமா?

வேண்டாம். கையில் கொடுத்துப் பழக்கினால் அணிலுக்குப் பயம் போய்விடும். பயம் போன அணில் நாயிடமும் பூனையிடமும் மாட்டிக்கொள்ளும். கடலை என்று நினைத்துக் குழந்தையின் விரலையும் கடித்துவிடும்.

கடித்துவிட்டால் என்ன செய்வது? சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அணில் மூலம் வெறிநோய் வருவது மிக மிக அரிது. ஆனாலும் என்ன ஊசி தேவை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

குட்டி கீழே கிடந்தால்

காற்றில் கூடு விழுந்துவிடும். கண் திறக்காத குட்டி தரையில் கிடக்கும். உடனே வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். ஒரு சின்னப் பெட்டியில் பஞ்சோ துணியோ வைத்து அதில் விடுங்கள். பெட்டியை அதே மரத்தடியில் வையுங்கள். நாய், பூனை அண்டாமல் தள்ளி நின்று பாருங்கள். பல நேரம் தாய் அணில் வந்து வாயில் கவ்விக்கொண்டு போகும். மாட்டுப்பால் புகட்டாதீர்கள். வயிற்றுப்போக்கு வரும். தாய் வராவிட்டாலும், குட்டிக்குக் காயம் இருந்தாலும், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகாதேவி வர்மா (1907–1987) புகழ்பெற்ற இந்தி எழுத்தாளர். அலகாபாத்தில் வாழ்ந்தவர். காக்கை கொத்திய ஓர் அணில் குட்டியை அவர் காப்பாற்றினார். அதற்குக் ‘கில்லு’ என்று பெயர் வைத்தார். அது வளர்ந்ததும் வெளியே உள்ள அணில்களை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி இருந்தது. அதைக் கவனித்த அவர், ஜன்னல் வலையின் ஒரு மூலையைத் திறந்துவிட்டார். கில்லு வெளியே போகும், தானே திரும்பி வரும். அன்பு இருக்கிற இடத்தில் கூண்டு எதற்கு?

அடுத்த வீட்டையும் நினையுங்கள்

அணிலால் நஷ்டமும் உண்டு. கேரளத்தில் கோகோ காய்களைக் குடைந்துவிடும். கொய்யா, மாதுளையைக் கடித்துப் போடும். நீங்கள் நிறையத் தீனி போட்டால் அணில் கூட்டம் சேரும். அது அடுத்த வீட்டுக் கொய்யாவிலும் கை வைக்கும். அவர்களுக்குக் கோபம் வரும். கோபத்தில் விஷம் வைத்தால் சாவது அணில்தான். ஆகவே அளவோடு போடுங்கள். பழம் வைத்திருப்பவர்கள் காயைத் துணிப்பையால் மூடலாம். பழுத்ததை உடனே பறிக்கலாம்.

எல்லாவற்றையும்விட நல்ல உதவி ஒன்று உண்டு. கொல்லையில் ஒரு நாவலோ அத்தியோ நடுங்கள். மரம் நிழல் தரும். நமக்குப் பழம் தரும். அணிலுக்கு இரையும் கூடும் தரும். கிளை வெட்டுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று ஒரு முறை அண்ணாந்து பாருங்கள்.

பேசிப் பாருங்கள்

1. அணிலுக்குப் போட்ட மிச்சத்தை மாலையில் ஏன் அள்ள வேண்டும்?
2. உங்கள் ஊரில் கோடையில் பறவைக்கும் அணிலுக்கும் தண்ணீர் எங்கே கிடைக்கிறது?
3. அணிலால் அடுத்த வீட்டாருக்கு நஷ்டம் வந்தால் எப்படிப் பேசித் தீர்ப்பீர்கள்?