ஐக்கிய இயக்கமும் வீரசிங்கமும்

யாழ்ப்பாண நகரிலுள்ள வீரசிங்கம் மண்டபத்தை அறியாதார் அரியர். 1974 ஆம் ஆண்டில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றது அங்கேதான். ஆயின், அம்மண்டபம் தாங்கி நிற்கும் பெயர், கிராமத்தவரின் கடன் சுமையைக் குறைக்கப் பாடுபட்ட ஓர் ஆசிரியரின் பெயர் என்பதைப் பலர் அறியார்.

குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லைக் குடைந்து கண்ட கிணற்று நீரைத் துலாவால் இறைத்தே கமக்காரர் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தனர். நிலமோ சிறு துண்டு. எருவுக்கும் கூலிக்கும் முன்பணம் வேண்டும். கடன் கொடுத்தவரே விளைவையும் தாம் சொன்ன விலைக்குக் கொள்வாராயின், உழைப்பின் பயன் உழைத்தவனுக்கு எட்டுமா?

இதற்கு மாற்றாக வளர்ந்ததே ஐக்கிய இயக்கம். 1911 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி திறந்தது. ஐக்கிய நாணய சங்கத்தில் ஊரவர் கூடித் தம் சிறு சேமிப்பை ஒன்றாக்குவர். ஒருவர் பட்ட கடனுக்கு அங்கத்தவர் அனைவரும் வரையறையின்றிப் பொறுப்பாவர். ஆதலால், கடன் கேட்பவன் எத்தகையவன், எதற்குக் கேட்கின்றான் என்பவற்றை அயலவரே ஆராய்வர். ஈடு வைக்க நகையில்லாதவனுக்கு அவனது நாணயமே ஈடாயிற்று. 1929 இல் தோன்றிய யாழ்ப்பாணக் கூட்டுறவு மாகாண வங்கி இச்சங்கங்களுக்குப் பணம் உதவிற்று. திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பிய புகையிலையை விற்பதற்கு 1934 இல் மலையாளப் புகையிலை ஐக்கிய வியாபாரச் சங்கம் எழுந்தது. மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையொன்றும் அமைந்தது.

இவ்வியக்கத்தில் முன்னின்று உழைத்தவருள் ஒருவர், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வ. வீரசிங்கம். 1952 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியிற் சுயேச்சையாக நின்று அவர் பாராளுமன்றம் புகுந்தார். 1956 இல் மொழிப் பிரச்சினையே மேலோங்கிய தேர்தலில் அத்தொகுதி தமிழரசுக் கட்சியின் அ. அமிர்தலிங்கத்தைச் சேர்ந்தது.

நான்காண்டுப் பதவியை மட்டும் கொண்டு வீரசிங்கத்தை அளத்தல் பொருந்தாது. பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம், பணமும் ஒதுக்கலாம். ஆனால் அயலவனுக்காகப் பொறுப்பேற்கும் மனத்தைச் சட்டத்தால் உண்டாக்க இயலாது. கடனை அரசாங்கத்தின் கொடை எனக் கருதி மக்கள் திருப்பிச் செலுத்தாவிடின், சங்கம் பெயரளவிலேயே நிற்கும். தம் பணம், தம் அயலவர் பணம் என்ற உணர்வு உள்ளவிடத்தில் மட்டுமே அது உயிரோடிருக்கும். அவ்வுணர்வை ஊர்தோறும் வளர்ப்பதே அவ்வியக்கத்தாரின் பணியாயிருந்தது. கூட்டுறவாளரின் மண்டபத்திற்கு வீரசிங்கத்தின் பெயர் வாய்த்ததும் அப்பணியாலேயே.