கல்லிலும் மண்ணிலும் நம் கிராமத்து வீடு

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுள் மிகச் சிறியது திரௌபதி ரதம். பாறையில் செதுக்கிய கோயிலேயானாலும், அதன் வடிவம் கூரை வேய்ந்த குடிசைதான். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் எளிய மக்களின் வீட்டையே கல்லில் வடித்துவிட்டனர்!

செங்கல்பட்டுப் பகுதியில் உழவர்கள் மண்சுவர் எழுப்பி, பனஞ்சட்டம் பூட்டி, ஓலையோ நாட்டு ஓடோ வேய்ந்து வீடு கட்டினர். அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பணி உண்டு. தடித்த சுவர் வெயிலின் சூட்டை உள்ளே விடாது. தாழ்ந்து இறங்கும் இறவாரம் மழைச்சாரல் மண்சுவரைக் கரைக்காமல் காக்கும். வசதியுள்ளோர் வீட்டு முற்றம் காற்றும் வெளிச்சமும் தரும். குதிர் நெல்லைக் காக்கும். திண்ணையோ வழிப்போக்கருக்கும் இடம் தரும்.

கல் ரதம் நிலைத்தது. 1984-இல் மாமல்லபுரச் சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றன. மண் வீடுகளோ ஒவ்வொன்றாக மறைகின்றன. அடிக்கடி கூரை மாற்றவும் சுவர் பூசவும் வேண்டுமே! முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னாட்டுப் பழைய வீடுகள் பலவற்றைப் பிரித்து வந்து மீண்டும் கட்டிக் காக்கிறது. தஞ்சை உழவர் வீட்டையும் அங்கே காணலாம்.

எல்லா வீடுகளையும் அவ்வாறு பெயர்த்து வர இயலுமா? ஆகவே தோழியரே, விடுமுறையில் ஊருக்குச் சென்றால் பழைய வீடொன்றை அளந்து வரையுங்கள். அதன் உறுப்புகளின் பெயர்களைப் பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். பெயர் மறைந்தால் பயனும் மறந்துபோகும்.